ஸ்ட்ராபெரிக் கடைச் சுவரில் ஓர் அமெரிக்கத் தளபதி

என் முட்டாள்தனத்தை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். அடுத்தவர் வாயால் கேட்பதைவிட இதில் கொஞ்சம் மரியாதை மிஞ்சும். ஸ்ட்ராபெரி விற்கிற கடையின் சுவரில் ஸ்ட்ராபெரிதான் வரைய வேண்டும் என்பது சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியவில்லை. நான் அங்கே அமெரிக்காவின் முதல் அதிபரை வரையச் சொன்னேன். அதுவும் பனிக்கட்டி மிதக்கும் ஆற்றில், படகில் எழுந்து நின்ற கோலத்தில். அதுவும் ஒரு கோயில் பெயிண்டரிடம்.

இதில் எது பெரிய முட்டாள்தனம் என்று என் அக்காவிடம் கேட்டால், "நீ பொறந்ததுதான்லா" என்பாள்.

நான் மலேசியாவின் கேமரன் மலையில், பிரிஞ்சாங்கில் ஓர் இடைநிலைப்பள்ளியில் வரலாறு கற்பிப்பவன். பிள்ளைகளுக்கு மலாக்காவையும் சுதந்திரத்தையும் சொல்லித் தருவது என் உத்தியோகம். அமெரிக்க வரலாறும் ஓவியமும் என் பைத்தியம். இரண்டையும் நேரில் பார்த்ததில்லை. அமெரிக்காவுக்குப் போனதில்லை. ஓவியக் காட்சிக்கூடம் என்று ஒன்றுக்குள் நான் கால் வைத்தது கோலாலம்பூரில் ஒரே முறை, அதுவும் மழைக்கு ஒதுங்கி. தூரிகை பிடித்த அனுபவமும் உண்டு. பள்ளியில் படிக்கும்போது ஒரு தீபாவளிக்கு, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசையில், எங்கள் லயத்து வீட்டு முன்கதவுக்குப் பச்சை அடித்தேன். பெயிண்ட் காயவே இல்லை. பண்டிகை முடியும்வரை அப்பா பின்பக்கமாகவே வேலைக்குப் போய் வந்தார்.

இப்படிப்பட்ட ஆளுக்குத் தன் பேச்சைக் கேட்க ஆள் வேண்டும். பள்ளி ஆசிரியர் அறையில் என்னைக் கண்டதும் எல்லோருக்கும் அவசர வேலை வந்துவிடும். அதனால் சனி, ஞாயிறுகளில் மேலே கியா பார்ம் என்கிற ஊரில் இருக்கும் அக்கா கடைக்குப் போய்விடுவேன். ஸ்ட்ராபெரி, அவித்த சோளம், தேன், தேயிலைப் பொட்டலம் விற்கிற சாலையோரக் கடை. நான் எடை போட்டுக் கொடுப்பேன். சோளம் வேகிறவரை காத்திருக்கிறவர்களால் ஓட முடியாது. பிடித்துக்கொள்வேன்.

ஒருநாள் ஜொகூரிலிருந்து வந்த ஒரு கணவன் மனைவிக்கு முடிக்காத படத்தின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அமெரிக்காவின் முதல் அதிபரை ஒரு பெரிய ஓவியர் வரைந்தார். வரையச் சொன்னவர் அதிபரின் மனைவி. ஓவியர் முகத்தை மட்டும் அருமையாக வரைந்துவிட்டு, உடம்பு, பின்புலம் எல்லாவற்றையும் வெறுமையாக விட்டுவிட்டார். முடித்துவிட்டால் அந்த அம்மாளிடம் கொடுத்தாக வேண்டுமே! கொடுக்காமல் கையில் வைத்துக்கொண்டால், அதைப் பார்த்துப் பார்த்துப் பிரதி எடுத்து ஆயுள் முழுக்க விற்கலாம். விற்றார். இன்றைக்கும் அவர்கள் ஒரு டாலர் நோட்டில் இருப்பது அந்த முடிக்காத படத்தின் முகம்தான்.

ஜொகூர் தம்பதி சோளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேட்டது அக்காதான்.

"அந்த அம்மா, படம் எங்கன்னு கேக்கலயா?"

"கேட்டாங்கக்கா. இன்னும் முடியல, இன்னும் முடியலன்னே சொல்லிட்டாரு."

"கடைசி வரைக்கும் குடுக்கலயா?"

"குடுக்கவே இல்ல."

அக்கா சோளத்தைத் தண்ணீரிலிருந்து தூக்கி உதறினாள். "கெட்டிக்காரன்."

"அக்கா, அது கலைக்குச் செய்ற துரோகம்."

"யாவாரம்டா."

அப்போது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. படிக்காத பேச்சு என்று மனத்துக்குள் தள்ளிவிட்டேன். அக்கா என்னைவிட நல்ல மதிப்பெண் வாங்கிப் படித்தவள் என்பது வேறு கதை.

அக்கா கடைக்கு அந்த வருடம் நேரம் சரியில்லை. பிரிஞ்சாங்கிலிருந்து மேலே ஏறி வருகிற வண்டிகளுக்கு எங்கள் கடைக்கு முன்னால், ஒரு வளைவு தள்ளி, கள்ளிச்செடி விற்கிற சீன அங்கிளின் கடை. அவர் சிமெண்டில் ஒரு பிரம்மாண்டமான ஸ்ட்ராபெரி கட்டி வைத்தார். தலையை விட்டுப் படம் எடுத்துக்கொள்ள அதில் ஒரு ஓட்டை. அவ்வளவுதான். எல்லா வண்டியும் அங்கே நின்றன. அங்கே ஒரு தடவை இறங்கி, குளிர் பட்டு, பிள்ளைகளை மறுபடி பிடித்து ஏற்றியவர்கள், அடுத்த வளைவில் இன்னொரு தடவை இறங்குவார்களா? எங்களைப் பார்த்துக் கையாட்டிவிட்டுப் போனார்கள்.

நிலத்துக்குச் சொந்தக்காரரான சீன முதலாளி, தவ்கே என்போம், ஒருநாள் வந்து, கடையில் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டுச் சொன்னார்: "வருசக் கடைசி லீவு வரைக்கும் பாப்போம்லா. வண்டி நிக்கலன்னா இந்த எடத்த அவனுக்குக் குடுத்துர்றேன். அவனுக்குச் செடி வைக்க எடம் பத்தல."

அக்கா அவர் குடித்த காப்பிக் கோப்பையை எடுத்துக் கழுவினாள். கீழே லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளத்தோடு சேறு வந்த வருடம் அவள் தன் சொந்தக் காய்கறித் தோட்டத்தை இழந்தவள். அதற்குப் பிறகு பல வருடம் வேறொருவர் கொட்டகையில் நின்றுகொண்டு தக்காளி தரம் பிரித்தாள். அங்கிருந்து மேலே ஏறி வந்து பிடித்ததுதான் இந்தக் கடை. தவ்கே போனதும் சொன்னாள்: "தக்காளி பொறுக்க நான் திரும்பப் போமாட்டேன். நம்ம செவுத்துல அவன் ஸ்ட்ராபெரிய விடப் பெருசா ஒண்ணு வரைஞ்சுருவோம்."

சுவர் இருந்தது. கடையை ஒட்டிய சாமான் அறையின் சிமெண்டுச் சுவர். சாலையைப் பார்த்து, கூரைக்கு அடியில், மழை படாமல் நின்றது. நான் அந்த இடத்தில் "சரிக்கா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. ஆனால் நான், "காப்பியடிக்கிறது கலை இல்லக்கா" என்றேன். கைபேசியில், படகில் ஒருவர் எழுந்து நிற்கிற அந்தப் படத்தை எடுத்துக் காட்டினேன்.

"யாருடா இவரு?"

"அமெரிக்கத் தளபதி. நான் சொன்னேன்ல, டாலர் நோட்டுல இருக்கவரு, அவரேதான். அதிபர் ஆகறதுக்கு முந்தி. எதிரி அசந்த நேரம் பாத்து, பனிக்கட்டி ஓடுற ஆத்தைத் தாண்டிப் போயி அடிச்சாரு."

"ஏன் நிக்கிறாரு?"

"தலைவருக்கா."

"தலைவர்னா? படகுல நின்னா கவுந்துரும். பக்கத்துல இருக்கவன் சொல்லமாட்டானா, ஒக்காருங்க சார்னு?"

அறிஞர்களும் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள் என்றேன் பெருமையோடு. அதோடு நிறுத்தினேனா? படத்தில் இருக்கும் கொடி அந்தச் சமயத்தில் உருவாகவே இல்லை. அவர்கள் தாண்டியது இருட்டில், படத்தில் விடிந்திருக்கிறது. ஓவியர் இதை வரைந்தது பல பத்து வருடம் கழித்து, ஜெர்மனியில் உட்கார்ந்துகொண்டு. பனிக்கட்டிகூட அமெரிக்க ஆற்றுப் பனிக்கட்டி மாதிரி இல்லை என்கிறார்கள்.

"அப்ப இதுல எதுதான்டா உண்மை?"

யோசித்தேன். "ஆத்தைத் தாண்டினது."

"படத்துல அதுவும் இன்னும் தாண்டல."

ஆனால் பனிக்கட்டி அவளுக்குப் பிடித்துவிட்டது. மலைக்குக் கீழே வெக்கையான ஊர்களிலிருந்து ஜனங்கள் இங்கே வருவதே குளிருக்குத்தான். குளிரை வரைந்து வைத்தால் நிற்பார்கள் என்று கணக்குப் போட்டாள். "வண்டி நிக்கணும், அவ்வளவுதான். அவரு நின்னா என்ன, படுத்தா என்ன. நிக்கலன்னா ஒன்னைய அந்தப் படகுல ஏத்தி விட்டுருவேன்."

பெயிண்டரைப் பிடித்ததும் நான்தான். எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயிலில் கும்பாபிஷேகத்துக்காகக் கோபுரத்துக்கு வர்ணம் தீட்ட ஈப்போ பக்கத்திலிருந்து ஒரு பெயிண்டர் வந்திருந்தார். வருடக் கடைசி மழை. கோபுரம் காயவில்லை. மனிதர் சாரத்துக்கு அடியில் உட்கார்ந்து கைபேசியில் மல்யுத்தம் பார்த்துக்கொண்டிருந்தார். கோயிலில் மிஞ்சிய வர்ணங்களைச் செயலாளரிடம் கேட்டு எடுத்துக்கொண்டு சந்தோஷமாக வந்தார்.

பள்ளியில் கலர் மை தீர்ந்து நெடுநாள் ஆகிறது. அதனால் படத்தைக் கறுப்பு வெள்ளையில் அச்செடுத்துக் கொடுத்தேன். அவர் தாளைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"இவரு என்ன சாமி சார்?"

"சாமி இல்லண்ணே. மனுசன்."

"மனுசன்னா, மத்தவன்லாம் துடுப்புப் போட இவரு மட்டும் ஏன் நிக்கிறாரு?"

மறுபடியும் அதே கேள்வி. விளக்கினேன். அவர் பாதி கேட்டுவிட்டு, "சரி, மேனி என்ன கலரு?" என்றார். வெள்ளைக்காரர் என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். நான் ஐரோப்பிய ஓவியர்கள் தோலின் நிறத்தை எப்படி ஒளியால் கட்டினார்கள் என்று ஆரம்பித்தேன். நான் இத்தாலிக்குப் போய்ச் சேர்வதற்குள் அவர் ரோஜா நிற டின்னைத் திறந்துவிட்டார்.

என்னுடைய அடுத்த தவறு உட்கார்ந்த விதம். வருடக் கடைசித் தேர்வு விடைத்தாள்கள் குவிந்திருந்தன. பள்ளி முடிந்ததும் கடைக்கு வந்து, எதிரே தேயிலைச் சரிவைப் பார்த்து நாற்காலியைப் போட்டுக்கொண்டு, சுவருக்கு முதுகைக் காட்டித் திருத்துவேன். திருத்தியபடியே பின்னால் இருக்கும் பெயிண்டருக்கு வரலாறு சொல்வேன். வாழ்க்கையில் முதல் முறையாக ஓடாத ஒரு செவி. "ம்", "அப்புறம்", "அடடே" என்று அவ்வளவு அழகாகக் கேட்டார். சாலைத் தூசிக்காகப் பெயிண்டர் சாக்குப் படுதா கட்டியிருந்ததால் அக்காவும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியவன் நான், பார்க்கவில்லை. பேசினேன்.

வேலை முடிந்தது என்று அவர் சொன்ன அன்று திரும்பிப் பார்த்தேன்.

தளபதி நின்றுகொண்டிருந்தார். அதில் குறை சொல்ல முடியாது. கிளிப்பச்சைக் கோட்டு. ரோஜா நிற முகம். இரண்டு பக்கமும் சுருண்ட மீசை. வலது கன்னம் மட்டும் வெற்றிலை அதக்கியதுபோல் உப்பியிருந்தது.

"கன்னம் ஏண்ணே இப்படி?"

"நீங்கதான சார் சொன்னீங்க, அவருக்குப் பல்லுல ரொம்பத் தொந்தரவுன்னு."

மேலே பிறைநிலாவும் நட்சத்திரங்களும் இருந்தன. "ராத்திரின்னீங்களே." துடுப்புப் போடுகிறவர்கள் எல்லாம் கோயில் வாசல் காவலர்கள் மாதிரி தோளும் தொடையுமாக இருந்தார்கள். பனிக்கட்டிகள் இட்லிகளாக மிதந்தன. கொடியைப் பார்த்தேன். அதில் ஒரு சேவல்.

"அண்ணே, இது முருகன் கொடி."

"அந்தக் கொடி அப்ப இல்லவே இல்லன்னு சொன்னது யாரு? கொடிக்கம்ப மட்டும் வெறுமனே விடச் சொல்றீங்களா?"

என் வரலாற்றறிவு ஒரு துளி சிந்தாமல் சுவரில் ஏறியிருந்தது. அதற்குப் பிறகுதான் முக்கியமானதைக் கவனித்தேன். படகில் ஒருவருக்கும் கண் இல்லை. கண் இருக்க வேண்டிய இடத்தில் அவித்த முட்டைபோல வெள்ளை மட்டும்.

"கண்ணு?"

பெயிண்டர் தூரிகையைத் துடைத்தார். "கண்ண இப்ப தொறக்கக் கூடாது சார்."

கோயில் வேலையில் எல்லா உருவத்துக்கும் கண்ணைக் கடைசியில்தான் எழுதுவார்கள். நல்ல நேரம் பார்த்து, குளித்து, பூஜை போட்டு, பெயிண்டரே விரதம் இருந்து எழுதுவார். திறந்த கண்ணுக்கு முதலில் கண்ணாடியைக் காட்டி, அப்புறம் பசுவையும் கன்றையும் காட்டுவார்கள். இவர் கோயில் வேலைக்கு விரதம் எடுத்திருக்கிறார். கோயில் சாமிகளுக்குக் கண் திறக்கும் முன்னால் வேறு எதற்கும் திறக்கமாட்டாராம்.

"அண்ணே, இது சாமியே இல்ல. அமெரிக்காக்காரரு."

"சாமியோ மனுசனோ, கண்ணு வச்சா பாக்கும் சார். பாக்க ஆரம்பிச்சா யாரு பொறுப்பு? என் தம்பி ஒருத்தன் அவசரத்துல ஒரு யானைக்குக் கண்ணு எழுதிட்டு வீட்டுக்குப் போனான். வழியில மோட்டார் நடு ரோட்டுல நின்னுருச்சு."

"பெட்ரோல் தீந்துருக்கும்."

"தீந்துச்சு. ஏன் அன்னைக்குப் பாத்துத் தீரணும்?"

 அடுத்த நாள் மழை விட்டது. அவர் கோபுரத்துக்குப் போய்விட்டார். கும்பாபிஷேகம் தைப்பூசத்துக்கு அப்புறம். வருடக் கடைசி விடுமுறையோ அந்தச் சனிக்கிழமையே தொடங்குகிறது.

சனிக்கிழமை முதல் வண்டி வளைவில் திரும்பி, எங்கள் கடைக்கு எதிரே வேகம் குறைந்தது. அக்கா எழுந்தாள். கண்ணாடி இறங்கியது. பின்னிருக்கையில் ஒரு குழந்தை சுவரைப் பார்த்தது. பிறகு ஊரே கேட்கும்படி அழுதது. வண்டி போய்விட்டது. அதற்கப்புறம் வந்த ஒரு மலாய்க் குடும்பம், "ஹந்து, ஹந்து" என்று பிள்ளைகளின் முகத்தைப் பொத்தியது. பேய் என்கிறார்கள். குளிரை விற்கப் போய்ப் பேயைக் கடைவாசலில் நிறுத்தியிருந்தேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கொட்டகையும் தக்காளியும் தெரிந்தன.

"நாளைக்குச் சரி பண்ணிர்றேன்க்கா" என்றேன். பெயிண்ட் காயாத கதவை மறந்துவிட்டேன்.

ஞாயிறு காலை, கூட்டம் வருமுன், காய்கறிக் கூடைகளைக் கவிழ்த்து அடுக்கி அதன்மேல் ஏறினேன். கையில் கறுப்பு பெயிண்ட். முதலில் தளபதி, மற்றவர்கள் அப்புறம். வெள்ளைக்கு நடுவே ஒரு கறுப்புப் பொட்டு, இவ்வளவுதானே கண்! இடது கண்ணில் தூரிகையை வைத்தேன். கூடை ஆடியது. பொட்டு வழுக்கிக்கொண்டு ஓரத்துக்குப் போய் அங்கேயே நின்றது. "எறங்குடா கீழ!" என்று அக்கா போட்ட சத்தத்தில் மறு கண்ணுக்குப் போகாமல் இறங்கிவிட்டேன்.

தள்ளி நின்று பார்த்தோம். ஒற்றைக் கண் திறந்த தளபதி, ஆற்றையும் எதிரியையும் விட்டுவிட்டு, கடைக்கண்ணால் வளைவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் கள்ளிச்செடிக் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் எழுதிய கண் என்பதால் சொல்லவில்லை. அந்தக் கண்ணில் உயிர் இருந்தது. வந்து நின்றவர்கள் எல்லாம் அவரைப் பார்த்தார்கள். பிறகு, அவர் எதை இப்படி உற்றுப் பார்க்கிறார் என்று திரும்பிப் பார்த்தார்கள். அங்கே சிமெண்டு ஸ்ட்ராபெரி தெரிந்தது. "அதோ!" என்று நடந்துபோய்விட்டார்கள்.

"தப்பித் தவறி வர்ற நாலு பேரையும் அவன் கடைக்கு வழி காட்டி அனுப்புறாருடா ஒன் தளபதி" என்றாள் அக்கா.

அங்கிளாவது சந்தோஷப்பட்டாரா என்றால் அதுவும் இல்லை. அந்த வாரம் அவர் கடையில் மழைத் தண்ணீர் ஒழுகிக் கொஞ்சம் கள்ளிச்செடி அழுகிப்போனது. மழை பெய்தால் கள்ளி அழுகும். ஆனால் அவர் நேராக எங்கள் கடைக்கு வந்து, சுவரைச் சுட்டிக்காட்டி, "ஒங்க ஆளு ஏன் எப்பவும் என் கடையவே பாக்குறான்?" என்று மலாயில் கேட்டார். பார்வை சரியில்லையாம். நான் அவருக்கும் அமெரிக்கப் புரட்சியை விளக்கப் போனேன். அவர் கேட்காமல் போய், சிவப்பு விளிம்பு வைத்த எட்டு மூலைக் கண்ணாடி ஒன்றைத் தன் கடை முகப்பில் மாட்டினார். கெட்ட பார்வை எங்கிருந்து வந்ததோ அங்கேயே திருப்பி அனுப்ப அவர்கள் மாட்டுவது. தளபதிக்கு நேராகத் திருப்பி வைத்தார்.

பார்வை திரும்பியதோ இல்லையோ, வெயில் திரும்பியது. காலையில் அக்கா தராசைப் பார்க்கும் நேரத்துக்குச் சரியாக அவள் முகத்தில் அடித்தது. அவள் ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டே ஸ்ட்ராபெரி எடை போட்டாள். வாங்க வந்தவர்கள் அக்காவின் முகத்தையும் பின்னால் தளபதியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். இரண்டு பேருமே ஒரு கண்ணால்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒருநாள் எங்கள் தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் ஓர் அம்மா சோளம் வாங்க வந்தார். சுவரைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றினார். "அய்யோ, ஒத்தக் கண்ணத் தொறந்துட்டு அப்படியே விடலாமா? கோவத்துல இருக்காரு பாரு" என்று சொல்லி, ஓர் எலுமிச்சம்பழத்தைச் சுவரடியில் வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். நான் அமெரிக்காவின் ஜனநாயக வரலாறு இப்படி ஒரு திருப்பம் எடுக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. அக்கா அந்த எலுமிச்சையை எடுத்துத் தேநீரில் பிழிந்தாள். "ஒன்னால கெடச்ச ஒரே வரும்படி."

பெயிண்டருக்குக் கைபேசியில் கூப்பிட்டேன். கோபுரத்தின் மேலிருந்து பேசினார். ஒரு கண்ணை நானே எழுதிவிட்டதைச் சொன்னேன். மறுமுனையில் மல்யுத்தச் சத்தம் நின்றது.

"அய்யய்யோ. அப்புறம் என்ன நடந்துச்சு?"

"பக்கத்துக் கடைக்காரரு கண்ணாடி மாட்டிட்டாரு. அவருக்கு நேரா."

"கண்ணாடியும் காட்டியாச்சா!" என்று அலறினார். "சார், பசுவும் கன்னும்தான் பாக்கி. அந்தப் பக்கம் மாடு எதுவும் வருதா?"

"கியா பார்ம்ல ஏதுண்ணே மாடு?"

"வர விட்டுராதீங்க. மொதல்ல மூடுங்க. நான் வந்து மொறையா ரெண்டு கண்ணும் தொறக்குற வரைக்கும் அவர யாரும் பாக்கக் கூடாது, அவரும் யாரையும் பாக்கக் கூடாது."

அக்காவுக்கு இதில் நம்பிக்கை உண்டா என்று எனக்குத் தெரியாது. வெயிலும் அங்கிளின் புலம்பலும் அவளுக்குப் போதும் போதும் என்றாகியிருந்தது. அவள் வீட்டுக்காரர், என் அத்தான் காய்கறி ஏற்றும் லோரியிலிருந்து பழைய நீலத் தார்ப்பாயை இழுத்து வந்தாள். சுவர் முழுக்க மறைத்து, நான்கு மூலையிலும் இறுக்கிக் கட்டினாள். அங்கிள் எட்டிப் பார்த்துவிட்டு, திருப்தியோடு கண்ணாடியைக் கழற்றினார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். தக்காளிக் கொட்டகைக்கு அக்காவை நான்தான் வண்டியில் கொண்டுபோய் விட வேண்டியிருக்கும் என்று நினைத்தேன்.

மறுநாள் ஒரு கார் நின்றது. ஓட்டி வந்தவர் இறங்கித் தார்ப்பாயைப் பார்த்தார்.

"உள்ள என்ன?"

அக்கா சோளத்தைக் கிளறிக்கொண்டே, "இன்னும் தொறக்கல" என்றாள்.

"எப்ப தொறப்பீங்க?"

"நல்ல நேரம் பாக்கணும்."

அந்த மனிதர் கொஞ்ச நேரம் நின்றார். நிற்கிறவர் சும்மா நிற்க முடியாதே, ஒரு டப்பா ஸ்ட்ராபெரி வாங்கினார். அதற்குள் பின்னால் வந்த வண்டி, முன்னால் ஒருவர் எதையோ பார்த்து நிற்கிறாரே என்று நின்றது. அதைப் பார்த்து அடுத்தது. மதியத்துக்குள் வளைவு வரைக்கும் ஜாம்.

அதற்கப்புறம் நடந்ததை நான் சொன்னால் நம்பமாட்டீர்கள், நானே நம்பவில்லை. ஜனங்கள் நீலத் தார்ப்பாயின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு பெண் அதை வீடியோ எடுத்துப் போட, அதைப் பார்த்துவிட்டுச் சிங்கப்பூரிலிருந்து வந்தார்கள். உள்ளே உலகத்திலேயே பெரிய ஸ்ட்ராபெரி ஓவியம் இருக்கிறது என்று சிலர். யாரோ அமைச்சர் வந்து திறக்கப்போகிறார் என்று சிலர். நேற்றுவரை சுவரை முழுசாகப் பார்த்திருந்த அங்கிளே ஒருநாள் மெல்ல வந்து, "இப்ப உள்ள என்ன இருக்கு?" என்று கேட்டார்.

"அதே ஆளுதான் அங்கிள்."

"அலாமா, அப்ப ஏன் இவ்ளோ பேரு?" என்று நம்பாமல் போனார்.

எனக்குத்தான் தாங்கவில்லை. கலையை விளக்க ஆயுள் முழுக்க ஆள் தேடியவன் நான். இப்போது ஊரே வந்து நிற்கிறது. ஆனால் பார்ப்பது தார்ப்பாய். கூட்டத்தில் ஒருவரிடம், "பின்னாடி இருக்கிறது அமெரிக்க வரலாற்றுல முக்கியமான காட்சி" என்று தொடங்கினேன். "ஷ்ஷ், சொல்லாதீங்க. தொறக்கும்போது பாத்துக்கறோம்" என்றார். இதற்கு முன்னால் யாரும் இவ்வளவு மரியாதையாக என் வாயை அடைத்ததில்லை.

தவ்கேயும் வந்தார். வண்டியை நிறுத்த இடம் கிடைக்காமல் வெகுதூரம் நடந்து வந்தார். மூச்சு வாங்கினாலும் முகம் மலர்ந்திருந்தது. தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கப் போனார். அக்கா தராசிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "தவ்கே, நேரம் வரல" என்றாள். அவர் சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். நல்ல நேரத்துக்கு அவரைப்போல் மரியாதை கொடுப்பவர் இந்த மலையில் கிடையாது. "சரிலா, சரிலா" என்றார். "வண்டி இப்படி நிக்கிற வரைக்கும் எடம் ஒனக்குத்தான். நிக்கலன்னா அப்புறம் பேசுவோம்."

தைப்பூசம் போனது. கோயிலில் கும்பாபிஷேகம் நடந்தது. சாமிகள் எல்லாம் கண் திறந்தார்கள். அடுத்த ஞாயிறு பெயிண்டர் எங்கள் கடைக்கு வந்து இறங்கினார். குளித்து, திருநீறு பூசி, புது வேட்டி. கையில் ஊசி மாதிரி மெல்லிய தூரிகை. "வாங்க சார், இன்னைக்கு மொறையாத் தொறந்து முடிச்சுருவோம். அந்தக் கோணக் கண்ணையும் நேர் பண்ணிர்றேன்" என்றார். நான் இதற்காகவே ஓர் உரை தயார் செய்து வைத்திருந்தேன். நின்ற தளபதியில் தொடங்கி, உலக ஓவிய மரபு வழியாக, கேமரன் மலையில் முடிகிற உரை. சாலையில் வண்டிகள் வரிசையாக நின்றன. தார்ப்பாய்க் கயிற்றில் கை வைத்தேன்.

"கைய எடுறா" என்றாள் அக்கா.

பெயிண்டருக்கு ஒரு நாற்காலி போட்டாள். பெரிய டம்ளரில் தேநீரும் ஒரு டப்பா ஸ்ட்ராபெரியும் கொடுத்தாள். "இன்னைக்கு நேரம் சரியில்லண்ணே. நான் சொல்லி அனுப்புறேன். நீங்க பொறுமையா வாங்க" என்றாள். பெயிண்டர் வாட்சைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், அவர் பார்த்த பஞ்சாங்கத்தில் நேரம் அருமையாக இருந்தது. ஆனால் ஸ்ட்ராபெரி இனிப்பாக இருந்திருக்க வேண்டும். தலையாட்டிவிட்டு மல்யுத்தத்தைப் போட்டார்.

என்னால் முடியவில்லை. தராசு பக்கத்தில் போய் நின்றேன்.

"அக்கா, இது நல்லா இல்ல. ஒரு படம்னா அதுக்கு ஒரு முடிவு வேணும். ஒரு கண்ணோட, இருட்டுல, எத்தனை நாளைக்கு அந்த மனுசன் நின்னுக்கிட்டே இருப்பாரு? நாம முடிக்க வேணாமா?"

அக்கா அடுத்த டப்பாவைத் தராசில் வைத்தாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"டாலர் நோட்டுல இருக்கிறத வரைஞ்சவரு முடிச்சாரா?"